கெண்டியின் அடியில் உள்ள எழுத்து

லூமுட், சித்தியவான், ஆயர் தாவார் பக்கத்துப் பழைய குடும்பம் ஒன்றில், தோட்டத் துரை பங்களாவிலிருந்து வந்த தேநீர்க் கெண்டியோ பழத்தட்டோ இருந்தால், அதை வெள்ளி என்று எளிதில் நம்பிவிடுவோம். அடியில் வரிசையாகத் தெரியும் முத்திரைகளே அதற்குக் காரணம். இங்கிலாந்தில் சோதித்த அசல் வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருக்கும். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு அது சான்று. பர்மிங்ஹாமில் சோதித்தால் நங்கூரம், ஷெஃபீல்டில் என்றால், 1975 வரை, கிரீடம். முலாம் சாமான் செய்தவர்கள் இந்தத் தோற்றத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, இ, பி, என், எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் தனித்தனிக் கேடயத்துக்குள் அடித்தார்கள். அதனால் உருவங்களைப் பார்த்து மயங்காமல் எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். அந்த நான்கும் இருந்தால் உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். மேலே மின்சாரத்தால் ஏற்றிய மெல்லிய வெள்ளிப் பூச்சு. பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனம் 1840இல் காப்புரிமை பெற்ற முறை இது. கடைசி இரண்டெழுத்து பி.எம். என்றிருந்தால் அடி உலோகத்தில் பெரும்பகுதி வெள்ளீயம். நம் கிந்தா பள்ளத்தாக்கு உலகுக்கே அள்ளிக் கொடுத்த அதே வெள்ளீயம்!

காலத்தைக் கணிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அடியில் உள்ள நான்கு இலக்க எண் பெரும்பாலும் வார்ப்பு மாதிரியின் எண், ஆண்டு அல்ல. '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' என்பது ஓர் அமெரிக்க வணிகப் பெயர்; இருபதாம் நூற்றாண்டில் செய்த கரண்டியிலும் அந்த எண் இருக்கும். 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது, ஏனென்றால் அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. வடிவமைப்புக்கான சாய்சதுரப் பதிவுக் குறி 1842 முதல் 1883 வரை. அதன்பின் வெறும் பதிவு எண். வாக்கர் அண்ட் ஹால் நிறுவனம் என்றால் சிறு கொடி. எல்கிங்டன் தன் முலாம் சாமானிலும் ஆண்டைக் குறிக்கும் எழுத்தை அடித்தது.

முலாம்தானே, உருக்கினால் என்ன தேறும் என்று கேட்கலாம். உலோகமாக ஒன்றும் தேறாது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1874இன் பங்கோர் உடன்படிக்கையால் பிரிட்டிஷார் கைக்குப் போய், 1935இல் பேராக்குக்குத் திரும்பிய டிண்டிங்ஸ் பகுதியில்தான் லூமுட் இருக்கிறது. இங்கே துரை வீட்டுச் சமையலறையில் உழைத்த தமிழர்களைப் பற்றிய எழுத்துப் பதிவு மிகக் குறைவு. அவர்கள் துலக்கிய பாத்திரம் ஒன்று மிஞ்சியிருந்தால் அதுவும் ஆவணம்தான். கெண்டி போன வருடம் ஏலத்தில் வாங்கியதாகவும் இருக்கலாமே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. உண்மை. முத்திரை பட்டறையைச் சொல்லும். லூமுட்டுக்கு வந்த வழியைச் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்கள். 1950களிலும் 60களிலும் பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன, குடும்பங்கள் சிதறின, அந்தப் பங்களாக்களில் வேலை செய்தவர்களை நேரில் அறிந்தவர்கள் இன்று சிலரே.

புளியும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேய்த்தால் விளிம்பில் பூச்சு போய் இலேசான மஞ்சள் தெரியும், முத்திரையும் மழுங்கும். மறுபடி முலாம் ஏற்றக் கொடுத்தால், பட்டறையில் போடும் மெருகில் எழுத்து இன்னும் கரையும். எனவே துலக்குவதற்கும் விற்பதற்கும் முன் அடிப்பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். எந்தத் தோட்டம், யார் கொண்டுவந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு, அந்தப் படத்தோடு எழுதி வையுங்கள்.