நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஒரு பிரேக் பேடும்

செமஸ்டர் முடிஞ்சதும் நம்ம ஹாஸ்டல்ல ஓடுற வீடியோ எதுன்னு உங்களுக்கே தெரியும். நார்வே. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் கரும்பச்சைத் தண்ணி, நடுவுல வழுவழுன்னு ஒரு ரோடு, அதுல ஒருத்தன் பைக்ல போய்க்கிட்டே இருப்பான். அந்தத் தண்ணிக்குப் பேரு ஃபியோர்ட். பனிப்பாறை பல்லாயிரம் வருஷமா அரைச்சு அரைச்சு ஆழமாக்கின பள்ளத்தாக்குல, பனி உருகினதும் கடல் உள்ள வந்து நிரம்பிடுச்சு. அவ்வளவுதான் விஷயம். சோக்னே ஃபியோர்ட் 200 கி.மீ.க்கு மேல நீளம், ஆழம் 1,300 மீட்டரைத் தாண்டும்.

விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் காசு சேரட்டும். அதுக்குள்ள சரவணம்பட்டியில இருந்து கிளம்பி மதியத்துக்குள்ள போய்ச் சேர்ற ஒரு இடம் இருக்கு. காந்திபுரம், உக்கடம், கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, ஆழியாறு, அதுக்கு மேல வால்பாறை. இங்க பனிப்பாறையும் கிடையாது, கடலும் கிடையாது. ஆனா பள்ளத்தாக்கை அணை கட்டித் தண்ணியில முழுக வெச்சிருக்கோம். சோலையாறு அணைக்கரையில நின்னு பாருங்க, மலை நேரா தண்ணிக்குள்ள இறங்கும். மேற்கே கேரளா பக்கம் ஓடுற ஆறுகளை மறிச்சு, சுரங்கம் வழியா மலையைக் குடைஞ்சு, கிழக்கே நம்ம பொள்ளாச்சித் தென்னைக்குத் திருப்பி விட்ட பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துல ஒரு பகுதிங்க அது. சிவில் டிபார்ட்மெண்ட் ஆளுங்க இதுக்காகவே ஒரு தடவை போகலாம்.

சரி, ரோட்டுக்கு வருவோம். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினா ஒண்ணுல ஆரம்பிச்சு நாற்பது வரைக்கும் நம்பர் போட்ட கொண்டை ஊசி வளைவுகள். நார்வேயோட புகழ்பெற்ற ட்ரோல்ஸ்டீகன் ரோட்டுல மொத்தமே 11 தான். லீசெபோட்ன் ரோட்டுல 27, அதுல ஒண்ணு சுரங்கத்துக்குள்ளயே திரும்பும். எண்ணிக்கையில நாம ஜெயிச்சாச்சு. ஒன்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ பாயிண்ட். இந்த ரோட்டைப் போட்ட லோம் பேரு அது. அங்க இருந்து ஆழியாறு அணையைப் பார்க்காம யாரும் ஏறுறதில்ல. அதிர்ஷ்டம் இருந்தா வரையாடு ரோட்டோரச் சுவர் மேலயே நிக்கும்.

ஏறுறது பிரச்சனையே இல்ல. வண்டி திணறினா கியரைக் குறைப்பீங்க, அவ்வளவுதான். எல்லாரும் தப்பா நினைக்கிறது இறங்குறதைத்தான். "இறக்கம்தானே, வண்டி தானா போகும்"னு நியூட்ரல் போட்டு, பெட்ரோல் மிச்சம்னு சந்தோஷமா வர்றவங்க இன்னும் இருக்காங்க. முதல் வருஷ ஃபிசிக்ஸை எடுத்து ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

வண்டி 150 கிலோ, நீங்களும் பின்னாடி உட்கார்ந்திருக்கிற நண்பரும் சேர்ந்து இன்னொரு 150. ஆக 300 கிலோ. வால்பாறையில இருந்து ஆழியாறுக்குக் குறைஞ்சது 800 மீட்டர் உயரம் இறங்குறீங்க. எம்.ஜி.ஹெச் போட்டா சுமார் 23.5 லட்சம் ஜூல். கீழ வந்து வண்டி நிக்கும்போது இந்த ஆற்றல் முழுக்க எங்கயோ வெப்பமா மாறியிருக்கணும். டயர் உராய்வும் எதிர்காற்றும் பாதி வரைக்கும் வாங்கிக்கும்னே வெச்சுக்குவோம். மிச்சம் கிட்டத்தட்ட 12 லட்சம் ஜூல். நியூட்ரல்ல வந்தா அது முழுக்கப் பிரேக் தலையில.

ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 500 ஜூல் போதும். ஒரு கிலோ டிஸ்க் ஒண்ணே எல்லாத்தையும் வாங்கி, காத்துல ஆறவே ஆறாம இருந்தா, 2,400 டிகிரிக்குப் போகணும். இரும்பு உருகுறதே 1,538 டிகிரியில. நிஜத்துல டிஸ்க் ஆறிக்கிட்டே வரும், அதனாலதான் உருகல. ஆனா மெதுவாப் போகப் போக காத்தும் குறைவு, அடுத்த வளைவு வர்றதுக்குள்ள ஆற நேரமும் குறைவு. நீங்க லிவரை விடாம லேசாப் பிடிச்சுக்கிட்டே வந்தா ஆறவே வாய்ப்பில்ல.

அப்ப என்ன ஆகும்? பிரேக் ஆயில் கொதிக்கும். டாட் 4 ஆயில் புதுசா இருந்தா குறைஞ்சது 230 டிகிரி தாங்கும். ஆனா அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிற சாமான். ஈரம் ஏறினா அந்த 230, 155 வரைக்கும் இறங்கிடலாம். டாட் 3 இன்னும் மோசம், 140. ஆயில் கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக் குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்க லிவரைப் பிடிப்பீங்க, குமிழி சுருங்கும், பேடுக்கு அழுத்தம் போகாது. லிவர் பஞ்சு மாதிரி ஹேண்டில்பார் வரைக்கும் வரும், வண்டி நிக்காது. டிரம் பிரேக்ல ஆயில் இல்ல, ஆனா சூட்டுல டிரம் விரிஞ்சு ஷூவை விட்டு விலகும். பலன் ஒண்ணுதான்.

"என் வண்டியில ஏபிஎஸ் இருக்கு"ன்னு சொல்லாதீங்க. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்காமப் பார்த்துக்கும். சூட்டுக்கு அது ஒண்ணும் செய்யாது.

மருந்து கியர்ல இருக்கு. திராட்டிலை மூடிட்டு கியர்ல வந்தா, சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். மூடின திராட்டில் வழியா காத்தை இழுக்க பிஸ்டன் படுற பாடும், உள் உராய்வும் சேர்ந்து வண்டியைப் பிடிச்சு இழுக்கும். அந்த வெப்பத்தை இன்ஜின் வெளியே தள்ளிடும், அதுக்குத்தானே அதுல இத்தனை ஃபின்னும் ரேடியேட்டரும். எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்கன்னு மலை டிரைவர்கள் சொல்றது இதைத்தான். வளைவுக்கு முன்னாடி நேர் ரோட்டுலயே ரெண்டு பிரேக்கும் சேர்த்து நல்லாப் பிடிச்சு வேகத்தைக் குறைச்சுட்டு, முழுசா விட்டுடுங்க. வளைவுக்குள்ள சாய்ஞ்சிருக்கும்போது டயரோட பிடிமானம் திரும்புறதுக்கே செலவாகுது, அப்ப பிரேக்குக்கும் பங்கு கேட்டா கொடுக்காது.

பெட்ரோல் மிச்சக் கணக்கும் தலைகீழ். இப்போ வர்ற பி.எஸ். 6 இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெரும்பாலும், கியர்ல திராட்டில் மூடி இறங்கும்போது பெட்ரோலையே நிறுத்திடும். நியூட்ரல்ல போட்டா இன்ஜின் அணையாம ஓட பெட்ரோல் செலவாகிட்டே இருக்கும்.

ஸ்கூட்டி எடுத்துட்டுப் போறவங்களுக்குத்தான் நான் பயப்படுறேன். வேகம் குறைஞ்சதும் அதோட சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் விலகிடும், இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு போயிடும். கொண்டை ஊசி வளைவுல நீங்க போற வேகமே அதுதான். ரெண்டு பேர் உட்கார்ந்து ஸ்கூட்டியில வால்பாறை வேண்டாம்னு சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க.

லிவர் இளகுதுன்னு தோணினாலோ, கருகின வாசனை வந்தாலோ, லிவரை விட்டு விட்டுப் பிடிச்சுக்கிட்டே கியரைக் குறைச்சு, இடம் பார்த்து ஓரம் கட்டி, அரை மணி நேரம் டீ குடிங்க. டிஸ்க் மேல தண்ணி ஊத்தாதீங்க, கோணிக்கும். ஆறினதும் லிவர் கெட்டியாகும், ஆனா அந்த ஆயிலை ஊருக்கு வந்ததும் மாத்தித்தான் ஆகணும்.

பஸ் விஷயம் ஒண்ணு. கொண்டை ஊசி வளைவுல பஸ்ஸோட பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்துல வராது, உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். அதனாலதான் டிரைவர் ரோடு முழுக்க எடுத்துத் திருப்புறார். உள்பக்கம் இடைவெளி இருக்கேன்னு நுழைஞ்சா அந்த இடைவெளி மூடிக்கும். மலை ரோட்டுல ஏறுற வண்டிக்குத்தான் முன்னுரிமை, அது சட்டமே. நின்னு விடுங்க.

இதெல்லாம் ஓவர் பயம்னு தோணுதா? ஊட்டியில இருந்து மசினகுடிக்கு இறங்குற கல்லட்டி ரோட்டைப் பாருங்க. 36 வளைவு, வால்பாறையை விடக் குறைஞ்ச தூரத்துல அதிக உயரம் இறங்குது. 2018-இல் ஒரு கார் பள்ளத்துல விழுந்து சென்னையில இருந்து வந்தவங்க இறந்த பிறகு, வெளிமாவட்ட வண்டிகள் அந்த வழியா இறங்கக் கட்டுப்பாடு போட்டாங்க.

வர்ற லாங் வீக்கெண்டுக்கு யாராவது பிளான் போடுறீங்கன்னா, முந்தின நாளே ஆயில் எப்ப மாத்தினதுன்னு சர்வீஸ் புக்கைப் பாருங்க. ரெண்டு வருஷம் ஆச்சுன்னா மாத்திடுங்க. பேட் தடிமன், டயர், இ-பாஸ், செக்போஸ்ட் நேரம் எல்லாம் அப்பவே பார்த்துடுங்க. மேல போனா புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு ரோட்டைக் கடக்கும், ஹாரன் அடிக்காம, சிப்ஸ் கொடுக்காம நின்னுக்குங்க. இருட்டுறதுக்கு முன்னாடி ஆழியாறு வந்துடணும். அதுக்கு வால்பாறையில இருந்து மூணு மணிக்கெல்லாம் கிளம்பிடுங்க.