மரச்சீனியின் காயம் ஆறும் விதம்

திருவனந்தபுரம், கன்னியாகுமரிப் பகுதித் தமிழர் மரவள்ளிக் கிழங்கை மரச்சீனி என்பர். திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 1880களில் இதன் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசியின் வரத்து நின்றுபோன வேளையில், மக்களின் பசியைப் பெரிதும் தணித்தது இக்கிழங்கே.

ஆயினும் இதற்கு ஒரு குறை உண்டு. பிடுங்கிய இரண்டு மூன்று நாள்களில் கிழங்கினுள் கருநீல வரிகள் தோன்றிவிடும். ஆகவே விவசாயி அன்றைய சந்தை விலைக்கே விற்க வேண்டியவராகிறார்.

இக்கேட்டைத் தொடங்கி வைப்பவை கிருமிகள் அல்ல. கிழங்கைத் தாய்த்தண்டிலிருந்து வெட்டும் இடமும், மண்வெட்டி பட்ட இடமும் காயங்களாகின்றன. அங்கே காற்றுப்பட்டதும், கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களே ஆக்சிஜனுடன் சேர்ந்து நிறம் மாறுகின்றன. அழுகல் அதன் பின்னரே வருகிறது.

காயம் விரைவில் மூடினால் இக்கேடு பெரிதும் தடைப்படும். வெட்டுப்பட்ட பரப்பிலுள்ள செல்கள் மடிய, அவற்றின் கீழுள்ள செல்கள் தம் சுவர்களில் சூபெரின் என்னும் மெழுகு போன்ற பொருளைப் படியவைக்கின்றன. ஈரம் வெளியேறுவதையும் கிருமிகள் நுழைவதையும் அது தடுக்கிறது. பின்னர் அதனடியில் உள்ள செல்கள் மீண்டும் பிரியத் தொடங்கி, வரிசை வரிசையாகத் தக்கைச் செல்களை உண்டாக்குகின்றன. இழந்த சதை மீண்டும் வளர்வதில்லை. காயத்தின்மேல் புதிய தோல் உருவாகிறது.

இதற்கு 25 முதல் 40 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதமும், ஏறத்தாழ ஒரு வாரமும் தேவை. காயத்தை உலர்த்துவதே நல்லது என்று நாம் எண்ணுவோம். மரச்சீனிக்கோ உலர்ந்த காற்றே பகை. புதிய தோல் உருவாகுமுன் செல்கள் வறண்டு மடிந்துவிடும்.

ஈரமான மணலிலோ மண்ணிலோ கிழங்கைப் புதைத்து வைக்கும் பழைய வழக்கத்தின் பொருள் இதுவே. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும் இத்தகைய சேமிப்பு முறைகளை ஆராய்ந்துள்ளது.

விவசாயிகள் மனத்திற்கொள்ள வேண்டியவை சில. கிழங்கைக் காயம்படாமல் பிடுங்குங்கள். தண்டின் சிறு துண்டு கிழங்கோடு ஒட்டியிருக்கட்டும். பெரிதும் சிதைந்தவற்றை உடனே உணவுக்கோ உலர்த்தி வற்றலாக்கவோ ஒதுக்குங்கள். நல்லவற்றை அன்றே ஈரமணலில் அடுக்குங்கள். மணல் காயவும் கூடாது, அதில் நீர் தேங்கவும் கூடாது.

இதற்கு ஆகும் செலவு சிறிது. விலை குறைந்த நாளில் விற்காமல் சில நாள் காத்திருக்கும் வாய்ப்பே இதனால் கிடைக்கும் ஆதாயம். பயிர்க்கடன் பெற்றுச் சாகுபடி செய்யும் குடும்பத்திற்கு அந்தச் சில நாள்கள் பெரிது.