சுனாமியைத் தடுத்ததா பிச்சாவரம் காடு? அறிவியல் எழுதப் பழகுபவர்களுக்கு ஒரு பாடம்

‘சுரபுன்னைக் காடுதான் அன்னைக்கு எங்களைக் காப்பாத்துச்சு.’ 2004 டிசம்பர் 26 பற்றிப் பேச்சு வந்தால் கடலூர், சிதம்பரம் பக்கம் இப்படிச் சொல்பவர்கள் பலர். அறிவியல் எழுத வருபவர், இதை அப்படியே எழுதிவிடலாமா?

சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் இருக்கிறது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம். அங்கே பேராசிரியராக இருந்த கதிரேசன், ராஜேந்திரனுடன் சேர்ந்து 18 கடலோரக் குக்கிராமங்களின் சேதத்தைக் கணக்கிட்டு 2005இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். சேதம் குறைந்ததற்கு அதில் மூன்று காரணங்கள் இருந்தன: கடலிலிருந்து ஊரின் தூரம், தரையின் உயரம், தாவரப் பரப்பு. பொதுவெளிக்கு வந்தபோது பெரும்பாலும் மிஞ்சியது காடு மட்டும்தான்.

அப்போ காடு காப்பாத்தலையா?

2006இல் கெர், பேர்டு, கேம்பெல் ஆகிய மூவர் அதே 18 ஊர்க் கணக்கை எடுத்து மறுபடி அலசினார்கள். ஒரே தூரம், ஒரே உயரத்தில் உள்ள ஊர்களை ஒப்பிட்டால், தாவரப் பரப்பு உயிரிழப்பை மாற்றவில்லை என்றார்கள். வெர்மாட், தம்பன்யா என்ற இருவர் வேறு முறையில் கணக்குப் போட்டு, காட்டுக்குப் பங்கு உண்டு என்றார்கள். எல்லாம் ஒரே அட்டவணை!

சிக்கல் இதுதான். அலையாத்தி மரங்கள் திறந்த கடலோரத்தில் வளர்வதில்லை. கழிமுகத்தில், உப்பங்கழியில் வளரும். அதற்குப் பின்னால் உள்ள ஊர் இயல்பாகவே கடலுக்குத் தள்ளி இருக்கும். தள்ளி, மேட்டில், காட்டுக்குப் பின்னால் உள்ள ஊர் தப்பினால் நன்றியை யாருக்குச் சொல்வது?

தமிழில் கூடுதலாக ஒரு பொறியும் உண்டு. ‘அலையாத்தி’ என்றால் அலையை ஆற்றுவது என்று பொருள் சொல்வார்கள். பெயரே தீர்ப்பு எழுதிவிடுகிறது. தினசரி அலை சில விநாடிகளில் வந்து போகும். அதை மரங்கள் தணிக்கும். சுனாமியின் ஓர் அலை பல நிமிடங்கள் நீடித்து, கடல் மட்டத்தையே உயர்த்தி உள்ளே தள்ளும். எழுதுபவர் இந்த வித்தியாசத்தை இரண்டு வரியில் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. (சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லையும் அலையாத்திக் காட்டு மரம்தான். கட்டுரையை அங்கிருந்தும் தொடங்கலாம்.)

‘தடுத்தது’, ‘குறைத்தது’, ‘குறைத்திருக்கலாம்’ - மூன்றும் ஒன்றல்ல. விறுவிறுப்புக்காக முதலில் வெட்டப்படுவது அந்த ‘லாம்’தான். காடு இருக்கிறதே என்று கரையோரம் வீடு கட்டுபவரும், காட்டால் பயனில்லை என்று வெட்டுபவரும் அதே வரியைத்தான் படிக்கிறார்கள்.

கதிரேசன் கட்டுரை தந்த பரிந்துரையில் மூன்றுமே இருந்தன: கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மேடான இடத்தில், அடர்ந்த தாவரங்களுக்குப் பின்னால் குடியிருங்கள்.