நம் வசத்தில் உள்ளது எது?

மழை நம் வசத்தில் இல்லை. அதற்காக நம் ஜில்லாவில் நிலக்கடலை விதைக்காமல் இருப்பாரில்லை. ஆயினும், மார்பில் கட்டி தென்பட்டால் மட்டும், "தலைவிதியை யார் தடுக்க முடியும்?" என்று நம் வீட்டுப் பெண்கள் பலர் வாளாவிருந்து விடுகின்றனர். வெட்கமும் வாயை அடைத்துவிடுகிறது. இதைக் குறித்துச் சங்க அங்கத்தினர்களாகிய நாம் சிந்திப்பது அவசியம்.

நோயுற்றோரின் மனநிலையை ஆராய்ந்த அறிஞர்கள், அவர்களுடைய நம்பிக்கைகளை மூவகையாகப் பிரிப்பர். என் முயற்சியால் குணமாகும் என்பது ஒன்று. வைத்தியர் குணமாக்குவார் என்பது மற்றொன்று. எல்லாம் விதியின் செயல் என்பது மூன்றாவது. தெய்வ நம்பிக்கை மனத்துக்கு ஆறுதல் தருவது; வைத்தியத்தை ஒத்திப்போட அதுவே காரணமாகும்போதுதான் தீங்கு விளைகிறது. சுயமுயற்சியிலுள்ள நம்பிக்கை நம்மை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும், ஆனால் அதுவே, "நான் செய்த பாவமோ?" என்னும் சுயநிந்தனையாக மாறலாகாது. மார்புப் புற்று பாவத்தின் சம்பளமன்று. தைரியமாக இருந்தால் மட்டும் அது குணமாவதுமில்லை, அழுதால் முற்றுவதுமில்லை. ஆகவே, அழும் பெண்ணை அதட்டாமல் அருகிருந்து ஆறுதல் கூறுவோமாக.

திருவண்ணாமலையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ரமண மகரிஷியின் இடது கையில் புற்றுக்கட்டி தோன்றியது. 1949-ஆம் ஆண்டில் அவருக்கு நான்கு முறை ரண சிகிச்சை நடைபெற்றது. கையை நீக்குவதற்கு மட்டும் அவர் இசையவில்லை. 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி சமாதியடைந்தார். சரணாகதியைப் போதித்த அம்மகானும் வைத்தியர்களைத் தம்மிடம் வரவேண்டாமென்று தடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். போனதை விதியென்று விட்டுவிடாமல், பிறருக்காக உழைத்தார். அதன் பயனாக 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது.

கட்டி வருவதைத் தடுப்பது முற்றிலும் நம் கையில் இல்லை. வந்ததைக் காலத்தில் காட்டுவது நம் கையில் உள்ளது. கட்டிகளுள் பெரும்பாலானவை புற்று அல்ல. புற்றாயினும், ஆரம்பத்திலேயே கண்டால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். வலியில்லை என்று அசட்டை செய்யலாகாது. தோல் சுருங்குதல், காம்பு உள்வாங்குதல், காம்பில் இரத்தம் கசிதல் ஆகியவற்றையும் உடனே காட்ட வேண்டும். முப்பது வயது கடந்த பெண்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பைச் சோதித்துக் கொள்ளலாம். தறியை ஒருநாள் நிறுத்திவிட்டு, ஆடவர் துணையாகச் செல்வார்களாக. நெசவை மறுநாள் தொடரலாம். தவறிய காலம் திரும்பாது.