குழந்தை நலமும் தெளிந்த முடிவும்

துன்புறும் குழந்தையைக் கண்டவுடன் உதவ விழைவது மனித இயல்பு. ஆயினும் இரக்கம் ஒன்றே நல்ல முடிவைத் தந்துவிடாது. ஆராய்ந்தே செயலில் இறங்குதல் வேண்டும் என்பதை வலியுறுத்த, வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். குழந்தை நலப் பணியில் அவ்வாராய்ச்சி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை ஈண்டு நோக்குவோம்.

வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்கத்துப் பெருந்திரளில் தாயைத் தவறவிட்டு அழும் குழந்தையையும், திருச்சிராப்பள்ளிச் சந்திப்பில் தன்னந்தனியே வந்திறங்கும் சிறுவனையும் எண்ணிப் பார்ப்போம். முன்னைய குழந்தையை, உரியவர் இன்னார் என்று உறுதிசெய்து விரைந்து ஒப்படைத்தலே நன்று. பின்னவன் அடிக்கு அஞ்சி ஓடிவந்தவனாயின், வீட்டிற்கு உடனே அனுப்புவது அவனை மீண்டும் அத்துன்பத்திலேயே தள்ளுவதாகும். ‘ஏன் வந்தான்?’ என்று அறியாமல் ‘எங்கே அனுப்புவது?’ என்று முடிவு செய்தல் தகாது.

இதனை உணர்ந்தே 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தனியொருவர் கையில் இம்முடிவை விடவில்லை. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்துதல் வேண்டும். அக்குழு தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்டது. இறுதி முடிவின்போது மூவரேனும் இருத்தல் வேண்டும். குடும்பச் சூழல் பற்றிய விசாரணைக்கு 15 நாள்களும், இறுதி ஆணைக்கு 4 மாதங்களும் வரையறுக்கப்பட்டுள்ளன. குழந்தையின் கருத்தைக் கேட்டல் கடமை. இல்லத்தில் சேர்த்தல் இறுதி வழியே.

இவ்வொழுங்கு தவறின் விளைவது யாது? திருச்சியில் இயங்கிய ஓர் இல்லம் பற்றிய வழக்கு 2015, 2016 ஆம் ஆண்டுகளில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடைபெற்றது. உசிலம்பட்டிப் பகுதியிலிருந்து சிறுவயதிலேயே கொண்டுவரப்பட்டு வளர்ந்த பெண்பிள்ளைகளின் பெற்றோரைக் கண்டறிய மரபணுச் சோதனைக்கு ஆணையிட வேண்டியதாயிற்று. பிறந்த வீடு செல்ல அவர்களுள் பலர் இசையவுமில்லை. தொடக்கத்தில் முறையாக எழுதிவைக்க வேண்டிய செய்திகளைப் பல்லாண்டு கழித்துக் குருதியில் தேட நேர்ந்தது.

ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் நாமே வளர்க்கவோ, அறிந்தவரிடம் கொடுக்கவோ முனையாமல், 1098 என்னும் எண்ணுக்குத் தெரிவிப்போம். கண்டதைக் கண்டவாறும், குழந்தை சொன்னதைச் சொன்னவாறும் உரைப்போம். ஊகத்தைச் செய்தியாக்க வேண்டா. குழந்தையின் வாழ்வைத் தீர்மானிப்போர்க்கு நாம் அளிக்கத்தக்க பேருதவி அதுவேயாகும்.