நாற்பது குதிரைக்கு ஒரு ஏசி!

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கவே கூடாது. ஒன்று, ‘மைலேஜ் என்ன குடுக்குது?’ இரண்டு, ‘ஏசி இருக்கா?’ முதல் கேள்விக்கு வானத்தைப் பார்ப்பார்கள். இரண்டாவது கேள்விக்கு, முன்கதவில் இருக்கிற முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிக் காட்டி, “இதைவிடவா சார் ஏசி? இயற்கைக் காத்து!” என்பார்கள்.

இயற்கைக் காத்துதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊத்துக்கோட்டைப் பக்கம் வந்து பாருங்கள். இட்லிப் பானையைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்த மாதிரி இருக்கும் அந்த இயற்கை!

ஊத்துக்கோட்டை தெரியாதவர்களுக்கு: ஆரணி ஆற்றங்கரை ஊர். சென்னையிலிருந்து பெரியபாளையம் வழியாகத் திருப்பதி போகும்போது, தமிழ்நாடு முடிந்து ஆந்திரா ஆரம்பிக்கிற இடம். 1996-ல் கிருஷ்ணா தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் காலடி வைத்தது எங்கள் எல்லை வழியாகத்தான். எல்லையைத் தாண்டியதும் சுருட்டப்பள்ளி. ஆலகால விஷம் குடித்த களைப்பில் சிவபெருமான் அம்பாள் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிற தலம். மே மாதத்தில் ஏசி இல்லாத காரில் சென்னைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் எல்லோருக்கும் வீட்டில் அதே திருக்கோலம்தான்.

என் மாமாவிடம் இருப்பது 1978 மாடல் பிரீமியர் பத்மினி. இத்தாலிக்காரன் ஃபியட் 1100 என்று வரைந்ததை, பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்து விற்றது. 1974-ல் சித்தூர் ராணியின் பெயரை வைத்தார்கள். 1089 சி.சி. இன்ஜின், சுமார் 40 குதிரை சக்தி. மாமா தினம் காலையில் அதைத் துடைக்கிற அழகைப் பார்த்து அத்தை சொல்வார்: “என் முகத்தை இப்படி ஒரு நாள் தொடச்சிருப்பாரா கேளு!”

அந்த அத்தைக்குத்தான் இப்போது பிரச்னை. எழுபது வயதுக்குமேல் பைபாஸ் ஆபரேஷன். மாதம் ஒரு தடவை சென்னைக்குப் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். “வெயில்ல அலையக் கூடாது, வேர்த்து விறுவிறுக்கக் கூடாது” என்று கண்டிப்பான உத்தரவு. பிள்ளைகள், “பழசை வித்துட்டு ஏசி கார் வாங்குங்கப்பா” என்றார்கள். நம்ம ஜில்லாவிலேயே ஏசி கார் செய்கிறார்கள். திருவள்ளூர் பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் மிட்சுபிஷி லேன்சர் செய்ய ஆரம்பித்தது. பிறகு அதே இடத்தில் சிட்ரன் கார் வந்தது. மாமா அசையவில்லை.

“மாப்ளே, நீ பி.காம். படிச்சவன். கணக்குப் போட்டுச் சொல்லு. இதுலயே ஏசி வைக்க முடியுமா, முடியாதா?”

காருக்கும் காமர்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். விசாரிக்க விசாரிக்க, இது முழுக்க முழுக்க வரவு-செலவுக் கணக்குதான் என்று புரிந்தது.

வரவு 40, செலவு 4

காரில் முதன்முதலாக ஏசி வைத்து விற்றது அமெரிக்காவின் பக்கார்ட் கம்பெனி. 1939-ல் காட்டினார்கள், 1940 மாடலில் வந்தது. கூலிங் காயில் டிக்கிக்குள்! ஏசியை நிறுத்த வேண்டுமென்றால் இன்ஜினை அணைத்து, இறங்கிப் போய், பானெட்டைத் தூக்கி, கம்ப்ரஸர் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். குளிருக்காகக் காசு கொடுத்தவன் வேர்த்துக்கொண்டு நின்றிருப்பான்.

இன்றைக்கு அதற்குக் காந்த கிளட்ச் இருக்கிறது, ஸ்விட்சைத் தட்டினால் போதும். ஆனால் அடிப்படை மாறவில்லை. கம்ப்ரஸரைச் சுற்றுவது இன்ஜின்தான். சின்ன காரில் அது மூன்று, நான்கு குதிரை சக்தியைச் சாப்பிடும். நூறு குதிரை சம்பாதிக்கிற புதுக் காருக்கு அது காபிச் செலவு. நாற்பது சம்பாதிக்கிற பத்மினிக்கு வீட்டுக்கடன் தவணை!

“அப்ப முடியாதா?” என்று மாமாவின் முகம் தொங்கியது. முடியும். ஆரம்ப கால மாருதி 800-க்கு 796 சி.சி. இன்ஜின்தான், நாற்பது குதிரைகூடக் கிடையாது. அதுவே ஏசி போட்டுக்கொண்டு ஊரெல்லாம் ஓடியதே! என்ன, பத்மினி அதைவிடச் சுமார் கால் டன் எடை கூடுதல். ஏசி ஓடும்போது ஓவர்டேக் செய்கிற ஆசையை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று வழிகள்

செங்குன்றம் பக்கம் பழைய கார்களுக்கு ஏசி மாட்டுகிற ஒரு மெக்கானிக்கைப் பிடித்தோம். டீ வாங்கிக் கொடுத்ததும் பாடம் நடத்தினார்.

வழி ஒன்று, டேஷ்போர்டை வெட்டி உள்ளுக்குள் ஏசியைப் புதைப்பது. பார்க்கப் புதுக் கார் மாதிரி இருக்கும். ஆனால் வெட்டின தகடு ஒட்டாது. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயதைத் தாண்டிய வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். ஆனால் பாடி, சேஸிஸ், இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. மாமாவின் வண்டிக்கு 2028-ல் ஐம்பது. (அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ஊர்வலம் என்றுதான் வெளியே எடுக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போக உதவாது. இருந்தாலும் கதவை நாமே ஏன் சாத்த வேண்டும்?)

வழி இரண்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தொங்குகிற பெட்டி. நாலு போல்ட்டில் மாட்டலாம், வேண்டாமென்றால் கழற்றலாம். ஒரே குறை, பத்மினியில் முன்பக்கம் பெஞ்சு சீட். நடுவில் உட்காருகிறவருக்கு முட்டியில் பெட்டி இடிக்கும். (அந்த இடத்தில் உட்காருகிறவன் நான்தான் என்பதால் இந்த விஷயம் யாருக்கும் பெரிதாகப் படவில்லை.)

வழி மூன்று, பேட்டரியில் ஓடுகிற 12 வோல்ட் எலெக்ட்ரிக் ஏசி. இன்ஜினைத் தொடாது, மாட்டுவதும் சுலபம் என்பார்கள். ஆனால் அது கேட்கிற கரன்ட் 40, 50 ஆம்பியருக்கும் மேலே. பழைய காரின் டைனமோ 20, 25 ஆம்பியர் கொடுத்தாலே பெரிய விஷயம். மெதுவாக ஊர்ந்தால் அதுவும் கிடையாது. போகும்போது ஜில்லென்று போகலாம், திரும்பும்போது தள்ளிக்கொண்டு வரலாம்!

இரண்டாவது வழிக்கே ஓட்டுப் போட்டோம்.

“ஏசி மாட்றது பெரிசில்ல சார்!”

அந்த மெக்கானிக் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பழைய கார் வைத்திருக்கிற எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளலாம். “ஏசி மாட்றது பெரிசில்ல சார். மொதல்ல வண்டிய அதுக்கு ரெடி பண்ணணும். பாதிக் காசு அங்கதான் போவும்.”

சோழவரத்தில் ஒரு காலத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடந்தது. அதே வழியில் இன்று செங்குன்றம் வரைக்கும் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துதான் போகிறோம். ஏசிக்குச் சோதனை வேகமாகப் போகும்போது இல்லை, இந்த ஊர்தலில்தான். கண்டென்ஸரை ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டுவார்கள். அது காருக்குள் இருந்த சூட்டை வாங்கி ரேடியேட்டர் முகத்தில் ஊதும். ஏற்கெனவே கொதிக்கிற ரேடியேட்டருக்கு மேலும் ஒரு அடுப்பு! அதனால் முதலில் ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்ய வேண்டும், அடைத்துப்போன கோரை மாற்ற வேண்டும். வண்டி நின்றாலும் காற்று இழுக்கிற மாதிரி தனி எலெக்ட்ரிக் ஃபேன் வேண்டும்.

அந்த ஃபேன், உள்ளே காற்றை ஊதுகிற புளோயர், கம்ப்ரஸர் கிளட்ச் மூன்றுக்கும் சேர்த்து 25 ஆம்பியர் வரை ஆகும். ராத்திரி ஹெட்லைட் வேறு. ஆகவே டைனமோவுக்கு ஓய்வு கொடுத்து ஆல்டர்னேட்டர்.

கம்ப்ரஸரில் சின்னதாக, எடை குறைந்த ரோட்டரி ரகம் போதும். பழைய பிஸ்டன் ரகம் கனமானது, வண்டியையே குலுக்கும். புதுப்பேட்டையில் செகண்ட்ஹேண்ட் கிடைக்கிறதே என்று மாமா ஆசைப்பட்டார். மெக்கானிக் தலையாட்டவில்லை. உள்ளே துருவும் தூளும் இருந்தால் அது புதுப் பைப், புதுக் காயில் எல்லாவற்றையும் அடைத்துவிடும். கம்ப்ரஸரைத் தாங்குகிற பிராக்கெட் இன்ஜினோடு சேர்த்து போல்ட் ஆக வேண்டும், பாடியோடு அல்ல. இன்ஜின் ஆடும், பாடி ஆடாது. நடுவில் பெல்ட் அறுந்துபோகும்.

கேஸ் விஷயமும் முக்கியம். அந்தக் காலத்து ஆர்-12 ஓசோன் படலத்தில் ஓட்டை போடுகிறது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் தடுத்தார்கள். நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2010-தான் கடைசிக் கெடு. பழைய வண்டிக்கு இப்போது ஆர்-134ஏ. அதற்கு எண்ணெய் வேறு, ரப்பர் ஹோஸும் வேறு. பழைய ஹோஸில் அடைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அடுத்த கோடைக்குள் காலி. கேஸ் ஏற்றுமுன் வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சினார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஈரம் தங்கினால் அது உள்ளேயே பனிக்கட்டியாகி வழியை அடைக்கும்.

ஓட்டைப் பானையில் குளிர் தங்குமா?

காசு அதிகம் கேட்காத, ஆனால் எல்லோரும் மறக்கிற செலவு இது. பத்மினியின் கூரை ஒற்றைத் தகடு. கதவு பீடிங் காய்ந்து முறுக்கு மாதிரி நொறுங்கும். கிளட்ச், பிரேக் பெடல் நுழைகிற துவாரங்கள் வழியாக இன்ஜின் சூடு நேரே காலுக்கு வரும். பீடிங் மாற்றி, துவாரங்களை அடைத்து, கூரைக்கும் தரைக்கும் இன்ஜின் பக்கத்துத் தகட்டுக்கும் சூடு தடுக்கிற விரிப்பு ஒட்டினோம். அதைச் செய்த அன்றே, ஏசி வருவதற்கு முன்னாலேயே, வண்டிக்குள் சூடு குறைந்தது தெரிந்தது. கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டலாமா என்றால், 2012-லேயே சுப்ரீம் கோர்ட் கூடாது என்று சொல்லிவிட்டது. பின்சீட்டுக்கு ஒரு வெள்ளைத் துணி போதும்.

ஆக, காருக்குச் செய்த செலவையும் ஏசிக்குக் கொடுத்த விலையையும் கூட்டிப் பார்த்தேன். தராசு சமமாக நின்றது. முதல் பாதியை மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு இரண்டாவது பாதியும் வீண். என் கணக்கில் கடைசியாக வந்த விடை அதுதான்.

இந்த மே மாதம் டாக்டரிடம் போனோம். கிளம்புமுன் வண்டியை நிழலில் நிறுத்தி, கதவைத் திறந்து சூட்டை வெளியே விட்டு, பிறகு ஏசி. பெரியபாளையம் தாண்டும்போதே உள்ளே பதமாகிவிட்டது. செங்குன்றம் நெரிசலில் மாமா வெளியே பார்க்கவே இல்லை. டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நடுவைத் தாண்டவில்லை.

டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, நார்மலா இருக்கே!” என்றார்.

அத்தை சும்மா இருக்கவில்லை. “எனக்கு நார்மல்தான் டாக்டர். வர்ற வழியெல்லாம் வண்டி சூடாகுதா சூடாகுதான்னு பார்த்துக்கிட்டே வந்தாரே, இவருக்குப் பாருங்க!”

பார்த்தார். 160!