குழந்தைகளின் பேதியும் நமது கடமையும்

பேதி கண்ட குழந்தையைக் காப்பாற்றுவது எது? மருந்துக் கடை மாத்திரையே என்று படித்தவர்களும் நம்பி வருகின்றனர். இந்நம்பிக்கை தவறானது, பல சமயங்களில் ஆபத்தானதும் கூட என்பது நமது அபிப்பிராயம்.

குடலில் கிருமி விளைவிக்கும் கேடு இன்னதென்பதை முதலில் உணர வேண்டும். காலராக் கிருமி ஒருவித நஞ்சைக் கக்குகிறது. அதனால் உடலின் நீரும் உப்பும் குடல் வழியே வெள்ளமெனப் பெருகி வெளியேறுகின்றன. இவ்வுண்மையை 1959இல் கல்கத்தாவில் நிலைநாட்டியவர் சம்புநாத் டே என்னும் வங்காள விஞ்ஞானி. ஆகவே, இழந்த நீரை ஈடு செய்வதே முதற் சிகிச்சையாகும். சர்க்கரையுடன் சேர்ந்த உப்பை, நோயுற்ற குடலும் ஏற்றுக்கொள்ளும். உப்பைத் தொடர்ந்து நீரும் உட்செல்லும்.

1971இல், வங்காள தேச யுத்தத்தின்போது, எல்லையோரத்துப் பொங்காவ் ஊரில் குழுமிய அகதிகளிடையே காலரா பரவிற்று. இரத்தக் குழாயில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் மனந்தளரவில்லை. உப்பு, சோடா உப்பு, குளுகோஸ் மூன்றையும் நீரிற் கலந்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கிற்று. தாயின் கையே வைத்தியர் கையாயிற்று!

நம் நாட்டில் பலன் கண்ட இம்முறை நம் வீடுகளில் வேரூன்ற வேண்டாமா? பேதி கண்டதும் வயிற்றைக் காயப்போடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. இது கொடுமை. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் குறித்த அளவு சுத்தமான நீரிற் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். பொட்டலம் கிடையாவிடில், ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். ஜிங்க் மாத்திரையை 10 முதல் 14 நாள் வரை கொடுப்பதும் அவசியம்.

கிருமிக்கொல்லி மருந்துகள் வேண்டவே வேண்டா என்று நாம் கூறவில்லை. மலத்தில் இரத்தம் கலந்த சீதபேதிக்கும் கடுமையான காலராவுக்கும் அவை தேவை; ஆனால், வைத்தியர் சொற்படியே கொடுக்க வேண்டும். குழந்தைகளின் பேதியிற் பெரும்பகுதி வைரஸால் வருவது. அதற்கு அம்மருந்துகளால் பயனில்லை. கண்டபடி கொடுத்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாகிவிடும். பேதியைக் கட்டும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கண் குழிந்து, சோர்ந்து, குடிக்கவும் மாட்டாத குழந்தையைக் கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரி சேர்க்க வேண்டும்.

பொதுத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே: மேடையில் முழங்குவதோடு நில்லாமல், வீடுதோறும் சென்று இவ்வெளிய முறையைத் தாய்மார்களுக்குக் கற்பியுங்கள். நல்ல குடிநீரும் கழிப்பிடமும் கிடைக்காத தெருக்களுக்காக அதிகாரிகளிடம் விடாது வாதாடுங்கள். ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி சர்க்கரையும் காக்கக்கூடிய உயிரை அறியாமைக்குப் பலி கொடுப்பதைவிட இழுக்கு வேறு யாது?